ஷூபெர்ட்டின் கடைசிக் குறி: ஸ்கோர் வாங்கிப் பட்ட பாடு

இசையமைப்பாளர் ஷூபெர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பனி. ஒத்திகையில் ஐம்பது பேரும் ஒருவழியாகக் கடைசி சுரத்துக்கு வந்து சேர்ந்தோம். காற்று வாத்தியக்காரர்கள் ஓங்கி ஒரு போடு போட்டு நிறுத்தினார்கள். தந்தி வாத்தியக்காரர்களோ மெல்ல மெல்லத் தேய்ந்து, யாரோ திரியை இறக்கியது போல அடங்கினார்கள். கண்டக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் வயோலா வாசிக்கிறேன். சம்பளத்துக்கு மென்பொருள், செவ்வாய்க்கிழமை மாலைகளில் இது. எங்கள் சங்கத்தில் நோட்டன்வார்ட் என்று ஒரு பதவி உண்டு. இசைத்தாள்களை வாங்கி, அடுக்கி, எல்லோருக்கும் கொடுத்து, திரும்ப வாங்கிப் பூட்டி வைப்பவர். பொதுக்குழுவில் "இந்த வருடம் யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டபோது சரியான நேரத்தில் தலையைக் குனிந்துகொள்ளத் தெரியாத ஒரே ஆள் நான். அன்றிலிருந்து அலமாரிச் சாவி என்னிடம்தான்.

ஷூபெர்ட்டுக்கு எங்களிடம் ஒரு பழைய செட் இருந்தது. அதில் தந்தி வாத்தியங்களின் பார்ட்டுகள் மட்டும் முழுசாக இருந்தன. காற்று வாத்தியங்களின் பார்ட்டுகள் பாதி கிழிந்தும் பாதி காணாமலும் போயிருந்தன. இருப்பதை வைத்துக்கொள்வோம், இல்லாததை மட்டும் வாங்குவோம் என்று கணக்குப் போட்டேன். சிக்கனமான யோசனைதான். கண்டக்டர் தன் பங்குக்குப் புதிய பதிப்பின் ஸ்கோர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஸ்கோரில் எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பார்ட்டில் அவரவர் வரி மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே பதிப்பிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் மேடையிலோ இரண்டு நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

ஆக்சென்ட், அதாவது அந்தச் சுரத்தை அழுத்திச் சொல் என்பதற்கு, ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் கூராக முடியும் சிறிய குறி போடுவார்கள். டிமினுவெண்டோ, அதாவது ஒலியைக் குறைத்துக்கொண்டே போ என்பதற்கும் அதே வடிவம்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும், அவ்வளவே. ஷூபெர்ட் எழுதும் வேகத்தில் ஆக்சென்டையும் நீளமாக இழுத்துவிடுவார். எது எது என்பதை இசையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 1884-85இல் லைப்சிக்கின் பிரைட்காஃப் உண்ட் ஹேர்டல் நிறுவனம் ஷூபெர்ட்டின் முழுத் தொகுப்பில் சிம்பனிகளை வெளியிட்டது. அவற்றைப் பதிப்பித்தவர் சாதாரண ஆள் இல்லை, தானே பெரிய இசையமைப்பாளரான யோஹன்னஸ் பிராம்ஸ். அந்த அச்சில் பல இடங்களில் ஆக்சென்டுகள் டிமினுவெண்டோவாக ஆகிப்போயின. இந்த சிம்பனியின் கடைசி சுரமும் அப்படித்தான். பல தலைமுறைகளாக ஆர்கெஸ்ட்ராக்கள் வாசித்ததும், மலிவு மறுபதிப்புகள் அச்சடித்ததும் அந்தப் பழைய தொகுப்பைத்தான். எங்கள் தந்தி வாத்தியப் பார்ட்டுகளின் மூலமும் அதுவே.

பிராம்ஸையும் குறை சொல்ல முடியாது. அதே பத்தாண்டில் கும்பகோணத்தில் உ.வே.சா. சிந்தாமணி ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துக்கொண்டிருந்தார். பிழையில்லாத பாடத்தைத் தேடும் வேலை எல்லா ஊரிலும் அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பிராம்ஸ் தான் சரியென்று நினைத்ததை அச்சில் ஏற்றிவிட்டு, எங்கே சந்தேகம் வந்தது என்பதை வாசிப்பவனுக்குச் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். பாடபேதம் குறிக்காத பதிப்பு என்று நம்மூரில் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரியும்.

அந்த மாலையின் இன்னொரு தொல்லை பார் எண்கள். பார் என்பது இசைத்தாளில் குத்துக்கோடுகளால் பிரித்த தாளக் கட்டம். "நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து எடுப்போம்" என்றார் கண்டக்டர். பழைய பார்ட்டில் எண்களே கிடையாது, எங்கிருந்து எடுப்பது என்று காட்டும் ஏ, பி, சி போன்ற ஒத்திகை எழுத்துகள் மட்டும்தான். அந்த எழுத்துகளும் புதிய ஸ்கோரின் எழுத்துகளோடு ஒத்துப்போகவில்லை. சிம்பனியின் பெரும்பகுதி ஒவ்வொன்றையும் மூவ்மென்ட் என்பார்கள். கடைசி மூவ்மென்ட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்கள். மூன்று இரவுகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் எண் போட்டேன். ஒரு மூவ்மென்ட்டில் ஒரே ஒரு எண் தள்ளிப்போனது. எதனால் என்று கண்டுபிடிக்கவே இன்னோர் இரவு ஆனது. பகுதியைத் திருப்பி வாசிக்கும் இடத்தில் முதல் முறைக்கு ஒரு முடிவு, இரண்டாம் முறைக்கு வேறு முடிவு என்று இரண்டு இருக்கும். அவற்றை எண்ணுவதில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வழக்கம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு இரவும் ஒரு ரப்பரும் செலவாயின. நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் முதல் பக்கத்தில் எண் போடுவதற்கு முன் ஸ்கோரில் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பதிப்புகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அச்சில் வந்தது என்பதாலேயே ஒன்றை நம்பிய காலம் எவ்வளவு சுகமானது என்று தோன்றியது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். டடடடாம் என்று தொடங்கும், உலகத்துக்கே தெரிந்த இசை. 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறி, அடுத்த வருடம் பார்ட்டுகள் அச்சில் வந்தன. 1810 ஆகஸ்டில் பீத்தோவன் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுகிறார்: மூன்றாம் மூவ்மென்ட்டில் இரண்டு பார்கள் அதிகப்படியாக இருக்கின்றன, எடுத்துவிடுங்கள் என்று. இசையமைப்பாளரே எழுதியும் யாரும் எடுக்கவில்லை. 1826இல் ஸ்கோர் அச்சானபோதும் அந்த இரண்டு பார்கள் உள்ளேயே இருந்தன. பீத்தோவன் மறுவருடம் இறந்தே போனார். 1846இல் ஆகன் நகர இசை விழாவில் மெண்டல்சன் அதை நடத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்து, பதிப்பகம் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து வெளியிட்டது. முப்பத்தாறு வருடங்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த மூவ்மென்ட்டின் பகுதிகளான ஸ்கெர்ட்ஸோவையும் ட்ரியோவையும் முழுக்க இரண்டாம் முறை வாசிக்க பீத்தோவன் ஒரு கட்டத்தில் திட்டமிட்டிருந்தார், அந்த இரண்டு பார்களும் அந்தத் திட்டத்தின் எச்சம். அதை வைத்து, அந்தத் திருப்பலையே மீண்டும் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்து 1970களின் பிற்பகுதியில் பீட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார் பீட்டர் கூல்கே. வேறு பதிப்பாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே இன்று கடையில் போய் "ஐந்தாம் சிம்பனி கொடுங்கள்" என்று கேட்டால், எந்த ஐந்தாம் சிம்பனி என்ற கேள்வி நியாயமானதே.

ஒன்பதாம் சிம்பனியில் இன்னும் சுவாரசியம். ஜோனதன் டெல் மார் என்ற ஆங்கிலேயர் கிடைக்கும் கையெழுத்துப் பிரதிகள், நகலெடுப்பவர்களின் பிரதிகள், முதல் அச்சுகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு பேரன்ரைட்டர் நிறுவனத்துக்காக ஒன்பது சிம்பனிகளையும் பதிப்பித்தார். 1996க்கும் 2000க்கும் இடையில் அவை வந்தன. ஒன்பதாவதின் கடைசி மூவ்மென்ட்டில் கோரஸ் முழுக் குரலில் பாடத் தொடங்குவதற்குச் சற்று முன், ஹார்ன்கள் மட்டும் ஒரே சுரத்தை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய அச்சில் அந்தத் தாளம் ஒரே சீராக இருக்கும். மூலங்களிலோ சுரங்களைச் சேர்த்துக் கட்டும் வளைகோடு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது. தாளம் தடுமாறுவது போலக் கேட்கும். டெல் மார் அதை அப்படியே அச்சிட்டார். பீத்தோவன் கேட்டது இதுதானா, கைத்தவறா என்று கண்டக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடித்திருக்கிறது. ஆனால் பதிப்பின் நம்பகத்தன்மைக்கும் எனக்குப் பிடிப்பதற்கும் சம்பந்தமில்லை. எந்த மூலத்தில் என்ன இருக்கிறது, ஏன் இதைத் தேர்ந்தேன் என்று தனிப் புத்தகமாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒப்புக்கொள்ளாதவர்கள் மறுப்பதற்கும் அந்தப் புத்தகத்திலேயே சரக்கு இருக்கிறது. அதனால்தான் அதை நம்புகிறேன்.

இதிலிருந்து "பழையது மோசம், புதியது நல்லது" என்று முடிவு கட்டியிருந்தேன். அதையும் பிராம்ஸே கெடுத்தார். அமெரிக்காவின் டோவர் நிறுவனம் பதிப்புரிமை முடிந்த ஸ்கோர்களை அப்படியே படம் பிடித்து மலிவாக மறுபதிப்பு செய்யும். பெரிய தாள், உறுதியான தையல், மேஜையில் விரித்தால் விரித்தபடி கிடக்கும். அவர்களுடைய பிராம்ஸ் சிம்பனிகள் 1926-27இல் வந்த முழுத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. ஹன்ஸ் கால் பதிப்பித்தவை. பிராம்ஸ் தன் கைப்பிரதிகளில் குறித்து வைத்த திருத்தங்களையும் பார்த்துச் செய்த வேலை அது. 1996 முதல் ஹென்லே நிறுவனம் புதிய பிராம்ஸ் பதிப்பைக் கொண்டுவருகிறது. அது இன்னும் நுணுக்கமானது, விலையும் அப்படியே. ஆனால் வீட்டில் உட்கார்ந்து இசைத்தட்டோடு பின்தொடர அந்த டோவர் இன்றும் தாராளமாகப் போதும். அதே டோவரின் பீத்தோவன் சிம்பனிகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் லிடோல்ஃப் அச்சின் மறுபதிப்பு. ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே தாள். உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு தரம்.

ஆகவே என் முதல் பழக்கம் மாறியது. ஸ்கோரைக் கையில் எடுத்ததும் இசையைப் புரட்டுவதில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்புகிறேன். எந்த ஆண்டின் எந்த அச்சிலிருந்து எடுத்தது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒன்றுமே போடாமல், பளபளப்பான அட்டையும் யாரோ ஒரு கிழவரின் ஓவியமும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுகிறேன். இணையத்தில் கேட்டால்தான் அச்சடித்து அனுப்பும் பிரதிகள் பலவும் இந்த ரகம். அவற்றில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு எண் தென்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்தக் காலத்து அச்சுத் தகட்டின் எண். அதை வைத்துப் பதிப்பகத்தையும் ஏறக்குறைய ஆண்டையும் கண்டுபிடித்துவிடலாம். 2006 முதல் இயங்கும் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இலவச இசைத்தாள் நூலகத்தில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பெரும்பாலும் இந்த எண்ணையும் பதிப்பாசிரியர் பெயரையும் குறித்திருப்பார்கள். வாங்கும் முன் அங்கே பழைய அச்சைப் பார்த்துவிட்டால், அதே பக்கத்துக்குக் கடைக்காரரிடம் காசு கொடுக்கிறோமா என்று தெரிந்துவிடும்.

அட்டையில் "ஊர்டெக்ஸ்ட்" என்று போட்டிருந்தாலும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூலபாடம் என்று பொருள் தரும் ஜெர்மன் சொல் அது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், முத்திரை குத்தித் தரும் அலுவலகம் எதுவும் கிடையாது. அதோடு, நேர்மையான பதிப்பாசிரியருக்கும் கையில் கிடைத்த மூலம்தான் மூலம். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து பெர்லின் அரசு நூலகம் தன் கையெழுத்துப் பிரதிகளைக் கிழக்கே அனுப்பியது. போர் முடிந்து எல்லை நகர்ந்தபோது ஒரு பகுதி போலந்துக்குள் மாட்டிக்கொண்டு, கிராக்கோவின் யாகியெல்லோனியன் நூலகத்தில் போய்ச் சேர்ந்தது. பல வருடங்கள் ஆய்வாளர்கள் யாரும் அவற்றைப் பார்க்க முடியவில்லை. 1977இல்தான் மொஸார்ட்டின் ஜூபிட்டர் சிம்பனி உள்ளிட்ட சில பிரதிகள் பெர்லினுக்குத் திரும்பின. பீத்தோவனின் ஏழாம் சிம்பனிப் பிரதி இன்னமும் கிராக்கோவில்தான் இருக்கிறது. மொஸார்ட்டின் படைப்புகளுக்கான புதிய ஆய்வுப் பதிப்பு வரத் தொடங்கியதோ 1955இல், அந்தப் பிரதிகள் திரும்புவதற்கு இருபத்திரண்டு வருடம் முன்பு. ஆக, முன்னுரையில் எந்தெந்தப் பிரதிகளை நேரில் பார்த்தேன், எவை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறதா என்று படிக்க வேண்டும். முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டு இசைக்குப் போகிறவனாகத்தான் நானும் இருந்தேன்.

மொஸார்ட் என்றதும் ஒரு தண்டச் செலவு நினைவுக்கு வருகிறது. அடுத்த பருவத்துக்கு நாற்பதாம் சிம்பனி என்று முடிவாகி, ஒரு செட் பார்ட்டுகள் தருவித்தேன். எங்களிடம் இரண்டு கிளாரினெட்காரர்கள், இருவரும் ஒத்திகைக்குத் தவறாமல் வருகிறவர்கள். பெட்டியைப் பிரித்தால் கிளாரினெட் பார்ட்டே இல்லை. கடைக்குப் போன் செய்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது, தவறு என்னுடையது. 1788இல் மொஸார்ட் இதைக் கிளாரினெட் இல்லாமல் எழுதினார், பின்னர் கிளாரினெட் சேர்த்து இன்னொரு வடிவம் செய்தார். நான் கேட்டு வாங்கியது முதல் வடிவம். சரி, கிளாரினெட் பார்ட்டை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. கிளாரினெட் வந்ததும் ஓபோக்களின் வேலையில் ஒரு பகுதியை அவற்றிடம் ஒப்படைத்து, ஓபோ வரிகளையே மாற்றி எழுதியிருக்கிறார். இரண்டையும் கலந்தால் ஒரே ராகத்தை இரண்டு ஜோடிகள் ஊதிக்கொண்டிருக்கும். ஓபோ பார்ட்டுகளையும் சேர்த்து மறுபடி வாங்கினேன். பொருளாளர் அந்த ரசீதை வாங்கிக்கொண்டபோது ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

வாசிக்காமல் கேட்க மட்டும் செய்கிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ப்ரூக்னர் பக்கம் போனால் தப்பவே முடியாது. எட்டாம் சிம்பனியின் ஸ்கோரை ஆசையாக வாங்கி, இசைத்தட்டைப் போட்டு, விரலால் வரி வரியாகப் பின்தொடர்ந்தேன். அடாஜியோ என்ற மெதுவான மூவ்மென்ட்டில் ஓரிடத்தில் இசை தாவிவிட்டது. பக்கத்தைத் தாண்டிவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன், மறுபடியும் தாவியது. தட்டில் கீறலோ என்று துடைத்துக்கூடப் பார்த்தேன். கையிலிருந்தது ராபர்ட் ஹாஸ் பதிப்பு, 1939. 1890ஆம் ஆண்டு வடிவத்தில் ப்ரூக்னர் வெட்டியிருந்த சில இடங்களை 1887ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து எடுத்து அவர் சேர்த்திருந்தார். தட்டில் இருந்தது அதற்குப் பின் வந்த லியோபோல்ட் நோவாக் பதிப்பு. அவர் இரண்டையும் தனித்தனியாகவே அச்சிட்டார். கேட்க ஹாஸ் அழகாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு ஏட்டை ஒட்டி மூன்றாவது ஏடு செய்தது போலத்தான் அது. ப்ரூக்னருக்கு ஸ்கோர் வாங்குகிறவர்கள் முதலில் இசைத்தட்டின் உறையில் பதிப்பாசிரியர் பெயரைப் பார்த்துக்கொண்டு, அதே பெயரில் வாங்குவது உத்தமம்.

மாலரின் ஆறாம் சிம்பனியில் ஸ்கெர்ட்ஸோ, மெதுவாகப் போகும் ஆன்டான்டே என்ற இரண்டு நடு மூவ்மென்ட்டுகளின் வரிசையே மாறும். 1906இல் எஸன் நகர அரங்கேற்றத்துக்குள் மாலர் ஸ்கெர்ட்ஸோவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அதற்கு முன்பே அச்சான ஸ்கோரில் அது முன்னால் இருந்தது. 1963இல் மாலர் சங்கத்தின் பெயரில் வந்த ஆய்வுப் பதிப்பு ஸ்கெர்ட்ஸோவை முன்னால் வைத்தது. நாற்பது வருடம் கழித்து அதே சங்கம் அதை மாற்றிக்கொண்டு ஆன்டான்டே முதலில் என்றது. ஆய்வுப் பதிப்பு என்பதும் ஒரு காலத்து முடிவுதான்.

கடையில் நின்றுகொண்டு நான் இப்போது செய்வது இவ்வளவுதான். மூலங்களின் பட்டியல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பதிப்பாசிரியர் தானாகச் சேர்த்ததை அடைப்புக்குறியிலோ, புள்ளியிட்ட வளைகோட்டிலோ, சிறிய எழுத்திலோ பிரித்துக் காட்டுகிறாரா என்று நான்கைந்து பக்கம் புரட்டுகிறேன். ஒரு பக்கம்கூட அப்படி இல்லையென்றால் சந்தேகம் வருகிறது. எந்த மூலமும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. அப்புறம், எனக்குத் தெரிந்த சோதனை இடங்கள். ஒன்பதாவதில் அந்த ஹார்ன், ஷூபெர்ட்டில் அந்தக் கடைசி சுரம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. ஆர்கெஸ்ட்ராவுக்கு என்றால், அதே நிறுவனத்தில் பார்ட்டுகளும் விற்பனைக்கு உண்டா, வாடகைக்கு மட்டுமா, எண்களும் எழுத்துகளும் ஸ்கோரோடு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஷோஸ்டகோவிச் போல இறந்து எழுபது ஆண்டு ஆகாதவர்களின் பெரிய படைப்புகள் பெரும்பாலும் வாடகைதான், அங்கே தேர்வுக்கே இடமில்லை.

பார்ட்டில் இன்னொன்றும் பாருங்கள்: பக்கம் திருப்பும் இடம். வேகமான வரியின் நடுவில் பக்கம் முடிந்தால், எவ்வளவு பெரிய அறிஞர் பதிப்பித்திருந்தாலும் அந்த இடத்தில் பாதி வயலின்கள் மௌனம்தான். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் மாதா கோயிலின் மங்கல் விளக்கிலும் படிக்கலாம். அதில் பாதி இருந்தால், எங்கள் சராசரி வயதுக்கு, நடக்காது.

நகல் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஜெர்மன் சட்டம் இசைத்தாள் விஷயத்தில் கறார்: பதிப்புரிமை உள்ள இசையை, வீட்டு உபயோகத்துக்கு என்றாலும், இயந்திரத்தில் நகலெடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம். இசையமைப்பாளர் செத்து இருநூறு வருடம் ஆனாலும் புதிய ஆய்வுப் பதிப்புக்கென்று தனியாக 25 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பழைய அச்சுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவு மறுபதிப்புகள் எல்லாம் பழைய அச்சாகவே இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஷூபெர்ட் விஷயத்துக்குத் திரும்புகிறேன். புதிதாகத் தந்தி வாத்தியப் பார்ட்டுகள் வாங்க அந்த வருடம் பணம் இல்லை. கண்டக்டரோடு உட்கார்ந்து, புதிய ஸ்கோரை வைத்து, ஆக்சென்டா டிமினுவெண்டோவா என்று மாறுகிற இடங்களை எல்லாம் பட்டியல் போட்டு, முப்பது பார்ட்டுகளில் கையால் திருத்தினேன். கடைசி சுரத்துக்கு மட்டும், பழைய குறியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, சின்னதாக ஓர் ஆக்சென்ட் வரைந்தேன். செல்லோ முதல் மேஜையில் வாசிக்கும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "நாற்பது வருடமாக இதைத் தேய்த்துத்தான் முடித்திருக்கிறேன்" என்றார். ஷூபெர்ட் எழுதியது இதுதானாம் என்றேன். "அவர் உங்களிடம் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு வில்லுக்கு ரோஸின் தடவப் போய்விட்டார்.

கச்சேரியில் எல்லோரும் சேர்ந்தே முடித்தோம். மறுவாரம் பார்ட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்கும்போது அவருடையதைப் பிரித்துப் பார்த்தேன். நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரப்பரை எடுத்தேன், அப்புறம் அழிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.